உட்காரச் சொன்ன காலேஜ்

"அந்தக் கானப் பாத்தியா நீ, கல்லு பதிச்சு, ஒரு சொட்டுத் தண்ணி தேங்காம…"

"நான் கான் பாக்கப் போகலப்பா…"

"குறுக்க பேசாத. அத்தன மரம் நிக்கிது, ஒரு எல கான்ல கெடக்கல…"

"படிக்கப் போற எடத்துல கானப் பாத்து என்னா செய்ய?"

"கான ஒழுங்கா வச்சிருக்கிறவன் எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருப்பான். அது தெரியுமா ஒனக்கு?"

பதுளை பஸ் ஸ்டாண்டில் பசறை பஸ்ஸுக்கு நின்றிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. வீரய்யா குரலைத் தணித்துக்கொண்டான். தணித்தானே தவிர நிறுத்தவில்லை. தோட்டத்தில் இருபது வருசமாகத் தண்ணீர் வடிந்தோடுகிற கான் வெட்டுகிறவன். மலையில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லுவான். ஒரு தோட்டம் நல்ல தோட்டமா கெட்ட தோட்டமா என்று அவன் முடிவு கட்டுவதும் கானைப் பார்த்துத்தான். அன்றைக்குக் காலேஜையும் அப்படியே பார்த்து முடித்துவிட்டான்.

மகள் ஜெயலெட்சுமி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் இதே இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சண்டை வேறு மாதிரி இருந்தது. அவள் காலேஜ் வேண்டும் என்றாள், அவன் வேண்டாம் என்றான். பொழுது சாய்வதற்குள் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

அது எழுபதாம் வருசம், மாசி மாதம். இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்தெடுத்தும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடந்த தோட்டத்துச் சனமெல்லாம், இந்தியாவா இலங்கையா என்று ஏதோ ஒன்றின் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட வேண்டியிருந்த காலம். சித்திரை முடிந்தால் தவணையும் முடிந்தது. வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒவ்வொரு காம்பிரா அறையிலும் அந்தப் பேச்சுத்தான். வீரய்யாவுக்கு இந்தியா. துறையூருக்குப் பக்கம் என்று அவன் அப்பன் சொல்லிவிட்டுச் செத்த ஒரு ஊர், அங்கே தனக்கு ஒரு தெரு இருக்கிறது என்று நம்பினான். அவன் பெண்சாதி இராக்கம்மாவுக்கு அந்தத் தெருவில் நம்பிக்கையில்லை. அங்கே போய் யார் வீட்டு வாசலில் நிற்பது என்று கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளை அப்பன் எழுதுகிற பக்கம் போக வேண்டியதுதான், அதற்கென்று தனியாக ஒரு நாடு கிடையாது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஜெயலெட்சுமி எஸ்.எஸ்.சி. பாஸானாள். பசறையில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவள். பதுளையில் மேட்டு ரோட்டில் சின்னதாக ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டதும், இராக்கம்மா ஒரு பேச்சை முன்னே வைத்தாள். அப்பனும் மகளும் போய்ப் பார்க்கட்டும். காலேஜ் நல்லதாக இருந்து பிள்ளை சேர்ந்தால் இங்கேயே எழுதுவது, நொட்டை என்றால் அவன் சொல்கிற கப்பலில் ஏறுவது. வீரய்யா உடனே சரி என்றான். நொட்டையாகத்தான் இருக்கும் என்று அவனுக்குச் சந்தேகமேயில்லை.

காலேஜ் என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. பழைய வெள்ளைக்காரன் பங்களா, அதற்குப் பின்னால் தகரம் போட்ட இரண்டு வகுப்பறை, எல்லாமாகச் சேர்த்து ஐம்பது அறுபது பிள்ளைகள். மண்டபத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. நன்றாகப் பாஸானவர்களின் பேரைத் தங்க நிறத்தில் எழுதியிருந்தார்கள். அதில் சின்னராசா என்று ஒரு பேர், பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தின் பேரும் இருந்தது. வீரய்யாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகள்தான் வாசித்துக் காட்டினாள். அவன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்ம பயலா, நம்ம பயலா என்று இரண்டு தரம் கேட்டான்.

பிரின்சிபல் அப்பனோடு பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளை ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவளை உள்ளே அனுப்பினார்கள். அளவையியல் வகுப்பு, தர்க்கம் சொல்லிக்கொடுப்பது. பேரே அவளுக்குப் புதிது. ஒரு டீச்சர், காதோரம் நரைத்தவர், மழை பெய்தால் ரோடு நனையும் என்று எழுதிப்போட்டார். ரோடு நனைந்திருக்கிறது, அப்படியானால் மழை பெய்ததா என்று கேட்டார். பெய்தது என்று வகுப்பு முழுதும் சொன்னது. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெயலெட்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பைப்பு ஒடஞ்சிருக்கலாம் என்றாள். டீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, சொன்னது யார், எழுந்து நில்லுங்கள், இன்னொரு தரம் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் அடி விழும். இங்கே எல்லாரும் திரும்பி அவள் சொல்வதைக் கேட்டார்கள். அந்த முக்கால் மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கேதான், இந்த வாங்கில்தான் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பிள்ளை றம்ஸியா, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பலீல் முதலாளியின் மகள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவள். கேட் வரைக்கும் கூடவே பேசிக்கொண்டு வந்தாள். கலியாணம் பேசி வருகிற வரைக்கும் தனக்கு இங்கேதான் என்று சிரித்தாள். ஜெயலெட்சுமி அந்தப் பலகையில் இருந்த பேரைப் பற்றிக் கேட்டாள்.

"சின்னராசாவா? எங்கட வாப்பாட கடையிலதான் ஈக்கிறாரு. பாக்கணுமா, வாங்களேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பனிடம் சொல்லிவிட்டு, கணக்கப்பிள்ளையாக இருப்பார் என்று நினைத்துத்தான் போனாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், சீத்தைத் துணியைக் கெஜக்கோலில் இழுத்து இழுத்து அளந்துகொண்டிருந்தான். முப்பதுகூட ஆகியிருக்காது. எந்தத் தோட்டம் என்று கேட்டான். சொன்னாள். காலேஜில் சேருகிற எண்ணத்தைச் சொன்னதும் அவன் கை கெஜக்கோலிலேயே நின்றது. அப்புறம் கத்தரித்து, மடித்து, வாங்க வந்தவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினான்.

மூன்று இடத்தில் வேலை கேட்டுப் போனானாம். மூன்றிலும் எத்தனை மார்க் என்று யாரும் கேட்கவில்லை, பிரஜாவுரிமை இருக்கா என்றுதான் கேட்டார்களாம். மேலே படிக்கவும் அதே கேள்விதான். வீட்டில் இலங்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்போது தன் பிள்ளைக்கும் தலை நரைத்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தான். அதைச் சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

"அப்ப அந்தக் காலேஜால ஒரு பிரயோசனமும் இல்லையாண்ணே?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. அங்க இருந்த ரெண்டு வருசந்தான் நான் மனுசனா இருந்தேன். அதனாலதான் சொல்றேன், போகாதீங்க. போகாட்டி இது ஒண்ணும் தெரியாது."

கடைக்குள்ளிருந்து பலீல் முதலாளி அவனைக் கூப்பிட்டார். அவன் போய்விட்டான். றம்ஸியா அவள் கையைப் பிடித்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன் என்றாள். ஜெயலெட்சுமி வேண்டாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே அப்பன் காத்திருந்தான், முகமெல்லாம் பூரித்துப்போய், வாயில் கானோடு.

பசறையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். தோட்டத்துக்கு நடக்கிற ஒற்றையடிப் பாதையில் அவள் வாய் திறந்தாள். இந்தியாவுக்கே எழுதுவோம்ப்பா, அங்க போனா ஒரு நாட்டு ஆளுன்னாவது இருப்போம் என்றாள். வீரய்யா முன்னால் நடந்தபடியே, காலையில அந்தப் பேச்சு எங்க போயிருந்துச்சு என்று கேட்டான்.

இராக்கம்மா வேலை விட்டு வந்து, ஈரத் துணிகூட மாற்றாமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கானைப் பற்றி வீரய்யா ஆரம்பித்ததும் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, காலேஜப் பாருங்கன்னு அனுப்புனா கானப் பாத்துட்டு வந்திருக்காரு, நல்லவேள மாட்டுப்பட்டியப் பாக்கல என்றாள். வீரய்யாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் வந்து அடுப்படியில் குந்தினான். பஸ் ஸ்டாண்டில் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னான்.

"அந்தப் பிரின்சிபலு என்னய உக்காருங்கன்னாரு புள்ள. உக்காருன்னு இல்ல, உக்காருங்க வீரய்யான்னாரு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சு வந்து நாக்காலிய அவரே இழுத்துப் போட்டாரு."

இராக்கம்மா அடுப்பை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். கால்சட்டை போட்ட எந்த மனுசனும் இந்தத் தோட்டத்தில் அவனை உட்காரச் சொன்னதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆபிஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கினாலும் அதட்டுவார்கள். உட்கார்ந்தீங்களா என்று கேட்டாள். நுனியில உக்காந்தேன் என்றான் வீரய்யா. நம்ம புள்ள அந்த எடத்துலதான் படிக்கணும், நான் இங்கயே எழுதப் போறேன், இந்தியாவும் வேணாம் கப்பலும் வேணாம் என்று சொல்லி முடித்தான்.

இருபது வருசத்தில் புருசனும் பெண்சாதியும் ஒரே பேச்சாக நின்றதை ஜெயலெட்சுமி அன்றைக்குத்தான் பார்த்தாள். காலேஜ் நொட்டை என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். அந்த வாங்கை நினைத்தால் பொய் வாயில் வரவில்லை. அதனால் இருந்ததை இருந்தபடி சொன்னாள். வகுப்பைச் சொன்னாள், சின்னராசாவைச் சொன்னாள், அவனிடம் மூன்று தரம் கேட்ட அந்த ஒரே கேள்வியைச் சொன்னாள்.

வீரய்யாவுக்கு அது ஏறவில்லை.

"வெள்ளச் சட்டையா போட்டிருந்தான்?"

"ஆமாப்பா."

"தலைக்கு மேல கூரை இருக்குல்ல. மழையில நனையல, அட்டை கடிக்கல. அப்புறம் என்னா கொறச்சல் அவனுக்கு? நீயும் அப்படி நிக்க மாட்டியான்னுதான் பாக்குறேன்."

அவன் சொன்னதில் பிழையில்லை, அதுதான் வேதனை. கெஜக்கோலைப் பிடித்திருந்த அந்தக் கையை அப்பனுக்கு எப்படிக் காட்டுவது? அங்கே போனால் துறையூருக்குப் பக்கத்தில் தெரு இல்லை. இங்கே இருந்தால் பிரஜாவுரிமைக்கு நிற்கிற வரிசைக்கு முடிவில்லை. படித்தால் துணிக்கடை, படிக்காவிட்டால் தேயிலை மலை. எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்.

பக்கத்துக் காம்பிராவில் யாரோ இருமினார்கள். ரொட்டி ஒரு பக்கம் கருகியது, இராக்கம்மா திருப்பிப் போடவில்லை. புருசனைப் பார்த்தாள், அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல. படிச்சவ நீதான், நீயே சொல்லு புள்ள. நாம எந்த நாட்டுக்கு எழுதுறது?"