நரிக்கு வைத்த மருந்து

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில் பால் வெட்டு கிடையாது. கை சும்மா இருக்கும். அப்படித்தான் ஆரியங்கோட்டு வெட்டுக்காரன் பொன்னுதாஸ் நரிக்கு மருந்து வைக்கும் வேலைக்குப் போனான். மீன்பொடி உருண்டைக்குள் ஒரு சின்னப் பை, பைக்குள் வெறிநோய்க்கான தடுப்பு மருந்து. நரி கடித்தால் பை உடைந்து மருந்து வாயில் இறங்கும், நோய் ஊருக்குள் வராது. கையுறை போடாமல் தொட்டால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் மிருக டாக்டர் அனுப்பியிருந்தார். இந்த மனுஷனுக்கு அதெல்லாம் மண்டையில் ஏறுமா? கை வேர்க்கிறது என்று முதல் நாளே கழற்றிவிட்டான்.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் அவன் மனைவி ஷிஜி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மரங்கள் மொட்டையாக நின்றன. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. சருகுக்கு நடுவே பொன்னுதாஸ் குத்தவைத்திருந்தான். அவன் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நரி.

ஆளைக் கண்டால் ஓடுகிற சாதி அது. அன்று ஓடவில்லை. தாடை தொங்கி, எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அது பொன்னுதாஸைப் பார்க்கவேயில்லை. அவன் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கேயே பார்த்தது. ஷிஜியும் அங்கே பார்த்தாள். வெறும் மரங்கள்தான்.

“வா மக்கா, தின்னு” என்று உருண்டையை அதன் வாயிலேயே வைத்தான், என்னவோ வீட்டு நாய்க்குச் சோறு போடுகிறவனைப் போல. நரியால் விழுங்க முடியவில்லை. நனைந்து விழுந்த உருண்டையை எடுத்து மறுபடி திணித்தான், பை உடைந்தது. காலையில் கத்தி பட்டுக் கிழிந்த அவன் விரலில் மருந்தும் எச்சிலும் சேர்ந்து வழிந்தன. நரி எழுந்து ஒரு மரத்தில் முட்டியது. பிறகு அத்தனை சருகின் மேலும் சத்தமே இல்லாமல் நடந்து போயிற்று.

சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள். கேட்டானா? வெட்டுக்காரர்கள் சின்னக் காயத்துக்குச் செய்வதையே செய்தான்: மரப்பட்டையைக் கீறி, கசிந்த பாலை விரலில் தடவி ஊதினான். பால் காய்ந்து இன்னொரு தோலாக ஒட்டிக்கொண்டது.

“மருந்து உள்ளயே நிக்கட்டு. நரிக்க மருந்து எனக்கும் ஏறியாச்சு, பின்ன எதுக்குட்டி ஊசி?” என்றான்.

மறுநாள் ஓடையோரம் நரி செத்துக் கிடந்தது. டாக்டர் வந்து பார்த்து, அதற்கு நோய் முன்பே முற்றிப்போயிருந்தது என்றார். உருண்டையில் இருப்பது மனுஷனுக்கான மருந்தே இல்லை. யாராவது நரியைத் தொட்டிருந்தால் இன்றே ஊசி போட வேண்டும், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்து, நோய் வெளியே தெரிந்துவிட்டால் உயிர் தங்காது என்று சொல்லி, ஷிஜியிடமே கேட்டார். பொன்னுதாஸ் அவளை முறைத்தான். வேலை போய்விடுமே என்ற பயம் அந்தப் பாவிப் பெண்ணின் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

“ஆரும் தொடேல்ல சாரே.”

அதன்பிறகு வீட்டில் எத்தனை கெஞ்சியும் அவன் ஊசிக்கு அசையவில்லை. விரல் ஆறிவிட்டதைக் காட்டிக் காட்டிச் சிரித்தான். அவளும் மெல்ல மெல்ல நம்பிவிட்டாள். நம்பாமல் எப்படி நாளைக் கழிப்பது?

மரங்கள் தளிர்த்து, மறுபடி வெட்டு தொடங்கிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் திருவிருந்து. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். காலையிலிருந்தே அவன் அந்த விரலைச் சொறிந்துகொண்டிருந்தான். போதகர் கிண்ணத்தை அவன் உதட்டருகே கொண்டுவந்தார். திராட்சரசத்தைக் கண்டதும் பொன்னுதாஸின் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. குடிக்கத்தான் பார்த்தான், பாவம். தொண்டை விடவில்லை.

ஷிஜி அவன் விரலைப் பார்த்தாள்.

“நான் பொய் சொன்னேன் ஐயரே,” என்றாள் போதகரிடம்.

அவர் அதைப் பாவ அறிக்கை என்றே எடுத்துக்கொண்டார். கர்த்தர் மன்னித்துவிட்டார் மகளே என்று மெல்லச் சொல்லி, கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.