வெள்ளையில் ஒன்று

"கறுப்புல போடு" என்றாள் ஸ்தமாத்தா, கணவனின் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டே.

"கும்பாரேடி அவரு" என்றான் லம்ப்ரோஸ்.

பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரைப் பெற்றோர் எங்கள் பக்கம் கும்பாரே என்றுதான் கூப்பிடுவது. கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். இன்றைய தேர்தலில் நிற்கும் கனெல்லோஸ்தான் இவர்கள் மகன் ஃபோத்திக்கு ஞானத்தகப்பன்.

"இருக்கட்டுமே. புள்ள தலையில எண்ணெய் ஊத்தின அதே கையத்தானே சபையில சண்டைக்குத் தூக்கினாரு? ஃபோத்தி கடலுக்கு அந்தப் பக்கம் பட்டாளத்துல இந்தக் குளிர்காலமும் கிடக்கணுமா?"

"எதிராளி ஜெயிச்சா மட்டும் நாளைக்கே கப்பல் வந்துடுமாக்கும்."

"பையன்களக் கூட்டிட்டு வர்றேன்னு அவன் வாயாலயாவது சொல்றான். உன் கும்பாரு அதக்கூடச் சொல்லலையே."

ஓட்டுப் போடுவதற்காகக் கோயிலுக்குள் வேட்பாளருக்கு ஒன்றாகத் தகரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வலது பாதிக்கு வெள்ளை, இடது பாதிக்குக் கறுப்பு வர்ணம். நடுவில் அடுப்புப் புகைபோக்கி போல ஒரு குழாய். ஈயக் குண்டோடு கையை முழங்கைவரை உள்ளே விட்டு, வேண்டுமென்றால் வலப்பக்கம், வேண்டாமென்றால் இடப்பக்கம் நழுவவிட வேண்டும். சத்தம் காட்டிக்கொடுக்காதிருக்க உள்ளே துணி. கனெல்லோஸின் பெட்டிக்குக் காவலாக, அவர் கேட்டுக்கொண்டபடி, லம்ப்ரோஸே நின்றான். அவருடைய அம்மா பிறந்த ஊர் இது. இங்கே தன் பெட்டியில் ஒருமுறைகூடக் கறுப்பு விழுந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வந்த ஆண்கள் எல்லோரும் லம்ப்ரோஸின் கண்ணைப் பார்த்தே கையை விட்டார்கள்.

"உன் கும்பாருக்கு வெள்ளை, லம்ப்ரோ!"

"உள்ள போயிட்டா எது வலது எது இடதுன்னு எனக்கே தெரியலப்பா" என்றான் கொல்லன். எல்லோரும் சிரித்தார்கள்.

லம்ப்ரோஸும் தன் குண்டைப் போட்டுவிட்டு ரொட்டி வாங்க வாசலுக்கு வந்தான். ஸ்தமாத்தா காத்திருந்தாள்.

"எதுல?"

"நீ சொன்னதுலதான்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியைத் தாராளமாகவே வைத்திருந்தாள்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் வாசலில் நின்று கேட்க யார் தடுப்பது? கறுப்புப் பக்கத்துக் குண்டுகளை அதிகாரி எண்ணிக்கொண்டே போனார். அது முடிவதாக இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கனெல்லோஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதிகாரி மறுபக்கத்தைக் கவிழ்த்தார்.

"வெள்ளை, ஒன்று."

 யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

"ஸ்தமாத்தா, உன் வீட்டுக்காரன் விசுவாசிடி!" என்று பக்கத்தில் நின்ற பனாயோ அவள் விலாவில் இடித்தாள்.  உள்ளே கனெல்லோஸ் லம்ப்ரோஸின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி முத்தமிட்டார்.

"நீ ஒருத்தன்தாண்டா எனக்கு."

அவர் தோளுக்கு மேலாக லம்ப்ரோஸ் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. காலையில் வெள்ளை என்று சத்தியம் பண்ணியவர்களெல்லாம் எதிராளியின் சின்னமான ஒலிவக் கிளைகளை ஆட்டிக்கொண்டு காபிக்கடைக்குப் போய்விட்டார்கள். கனெல்லோஸின் கோவேறு கழுதையைப் பிடிக்க ஆளில்லை. முழங்கால் வலிக்காரர். லம்ப்ரோஸ் குனிந்து கைகளைக் கோத்துப் படியாக்கி அவரை ஏற்றிவிட்டான். கழுதை நகரப் போனது. கடிவாளத்தை ஒரு கை பிடித்தது.

"ஸ்தமாத்தா, கைய உள்ள விட்டேனா... சின்னதுல நம்ம ஃபோத்தி தலையில எண்ணெய் வழிஞ்சது ஞாபகத்துக்கு வந்துடுச்சு. கை தானா..."

"நீ பேசாத." அவள் மேலே பார்த்தாள். "கும்பாரே, ஊரே உங்களக் கைவிட்டுச்சு. எங்க வீட்டுக் கழுத மட்டும் விடல. அதுக்காகக் கேக்குறேன். ஃபோத்திய எழுதிக் கூப்பிடுங்க."

"இந்த ஊர்லயே இப்படின்னா எல்லா இடத்துலயும் போச்சும்மா. இனிமே என் எழுத்த யாரு படிப்பா?" அவர் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். "ஜெயிச்சவங்ககிட்டக் கேளு."

"அவங்கள எந்த முகத்தோட கேக்குறது? இவன் வெள்ளை போட்டது உங்களுக்குத்தானே?"

 காபிக்கடைப் பக்கம் யாரோ வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். கழுதை மிரண்டு தலையை உதறியது. அவள் கடிவாளத்தைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவர் விழுந்துவிடாமல் லம்ப்ரோஸ் அந்தப் பக்கம் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.