சிவப்புக் குடை

"இந்தக் குடையை மட்டும் நகத்திடாதே" என்று என் கணவர் படித்துப் படித்துச் சொன்னார். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே கடலில் முங்கத்தான் இந்தத் தீவுக்கு வந்திருந்தோம். பாறைகளுக்கு நடுவே ஆள் நுழைய ஒரே ஒரு சந்து. அதற்கு நேராக மணலில் குடையை நட்டிருந்தார். திரும்பி வர அதுதான் அவருக்கு அடையாளம்.

"காவல் காக்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க, போங்க" என்றேன்.

அவர் போனதும் வெயில் மண்டையைப் பிளந்தது. விடுமுறைக்கு வந்து நான் மட்டும் வேகணுமா? குடை, துண்டு, அவர் செருப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, தள்ளியிருந்த காற்றோட்டமான மேட்டில் குடையை நட்டேன். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது தூரத்தில் அவர் தலை தெரிந்தது. குடையைப் பார்த்து, அதாவது அலை மோதிச் சிதறும் பாறையைப் பார்த்து, வந்துகொண்டிருந்தார். கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு பழைய இடத்துக்கு ஓடினேன்.

பழைய இடம் எது? குடை நின்ற குழியை அலை வழித்துவிட்டிருந்தது. நீர் ஏறிச் சந்தும் மறைந்து, எங்கே பார்த்தாலும் ஒரே நுரை.

இங்கே நட்டேன். இல்லை, அங்கேதானோ? பிடுங்கிக்கொண்டு அங்கே ஓடினேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி இங்கே வந்தேன். மறுபடி திரும்பினார். அவர் கைவீச்சு தளர்ந்திருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை ஒருதரம்கூடக் கேட்காத மனுஷன், இப்போது நான் ஓடிய பக்கமெல்லாம் வந்துகொண்டிருந்தார்.