ஆறாவது பொட்டலம்

சூடம் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை.

பெல்ஜியத்தில், மெக்கலன் ரயில் நிலைய வாசலில் கோடலீவ் உருளைக்கிழங்கு வறுவல் விற்கிறாள். பிரஸ்ஸல்ஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து, கார்டில் பணம் கட்டுவதற்கு விதி எழுதி ஓய்வுபெற்ற கொம்மாருக்கு அவள்மேல் மூன்று வருஷமாக ஒரு மயக்கம். அது யாருக்கும் தெரியாதென்பது அவருடைய எண்ணம்.

அன்று மதியம் துணிந்து கேட்டேவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை தன்னோடு ஓட்டலில் மட்டிச் சிப்பிக் கறி சாப்பிட வருவாளா?

கோடலீவ் சூடான பொட்டலத்தை நீட்டினாள். "வரேன், சட்டக்காரரே. ஆனா இது ஆறுறதுக்குள்ள கார்டுல காசைக் கட்டிடணும். ஊருக்கே விதி போட்டவராச்சே, பாக்கலாம்."

"இதென்ன பிரமாதம்? சின்னத் தொகைக்குக் கேள்வியே கேக்கக் கூடாதுன்னு எழுதினவனே நான்தான்!"

கார்டைக் காட்டினார். இயந்திரம் கேள்வி கேட்டது: ரகசிய எண் என்ன?

ரகசிய எண் அவருடைய நாயின் பிறந்தநாள். அவர் பழைய நாயின், அதாவது செத்துப்போனதன் தேதியை அழுத்தினார்; இயந்திரம் புது நாயைக் கேட்டது. சரியென்று போனில் விரலை வைத்தார், பதற்றத்தில் வறுவலை எடுத்துத் தின்றதில் விரலெல்லாம் மயோனெய்ஸ். முகத்தைக் காட்டினார், இரண்டு கன்னத்திலும் வறுவல் அடைத்திருந்ததால் அது வேறு ஆள் என்றது போன். பின்னால் வரிசை வளர்ந்து, நிலையத்துக்குள் புகுந்து, ஆன்ட்வெர்ப் ரயிலின் கதவை மூடவிடாமல் நின்றது. ரயில் ஓட்டுநரும் இறங்கி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"இந்த நாசமாப்போன விதியை எந்த முட்டாள் எழுதினான்?" என்று கத்தினார் கொம்மார்.

"நீங்கதான்!" என்றது வரிசை, ஒரே குரலில்.

வங்கியைக் கூப்பிட்டார். ஒரு பெண் குரல் ஊருக்கே கேட்கும்படி பேசியது. "சார், கேள்வியில்லாம அஞ்சு தடவைதான். காலையிலேர்ந்து இதே கடையில அஞ்சு பொட்டலம் வாங்கியிருக்கீங்க. யாராவது கார்டைத் திருடிட்டாங்களா?"

அந்த ஐந்து தடவைக் கணக்கை எழுதியதும் அவர்தான். 'ஒரே நாளில் ஒரே கடைக்கு ஆறு முறை போகிறவன் திருடனாக இருப்பான், இல்லாவிட்டால் பைத்தியமாக இருப்பான்' என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியதும் அவரேதான்.

"யாரும் திருடலம்மா," என்றார் மெதுவாக. "பைத்தியந்தான்."

கோடலீவ் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டி. "முன்ன வாங்கின அஞ்சையும் என்ன பண்ணீங்க?"

"ஆத்துல வாத்துக்குப் போட்டேன்."

"தின்னுச்சா?"

"நாலு வரைக்கும் தின்னுச்சு. அஞ்சாவதுக்கு என்னையப் பாத்ததும் நீந்திப் போயிருச்சு."

கோடலீவ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. காசு நான் கட்டறேன். உங்களை நம்பி வந்தா ராத்திரி பூரா ரெண்டு பேரும் பாத்திரந்தான் கழுவணும்."

இதையும் சூடம் அடித்தே சொல்கிறேன்: கோடலீவ் கடையில் அன்றும் சரி, இன்றும் சரி, கார்டு இயந்திரமே கிடையாது.