சொந்த வலைக்குள் ஒரு பந்து

நடுவராக நின்ற மருந்துக்கடைக்காரியின் வலது கை, கோல் என்று காட்ட, மைதானத்தின் நடுவட்டத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. பந்து வலைக்குள் கிடந்தது. துறைமுக அணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இறுதிப் போட்டி, ஆளுக்கொரு கோல், ஆட்டம் முடியும் தறுவாய். பணிமனை அணிக்குத் தன் கோலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்ரீ கிக் கிடைத்திருந்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் பந்தைச் சாவகாசமாகத் தன் கீப்பருக்கே தட்டிவிட்டான். கீப்பரோ வேறெங்கோ பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டி உருண்டு உள்ளே போய்விட்டது. இப்படியொரு கூத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை.

கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷமும் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவள் அவள். இறுதிப் போட்டியில் விசில் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. “சொதப்பினா மறுபடியும் கொடிதாம்மா” என்று லீக் செயலாளர் காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை. இப்போது நடுவட்டத்தைக் காட்டிவிட்டால் ஒருத்தரும் வாய் திறக்கப்போவதில்லை. பணிமனைக்காரர்களே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அது கோல் இல்லையே! வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவள் புருஷன் இந்த மாதிரி ஏடாகூடமாகக் கேட்டே உயிரை எடுப்பான். பந்து நாய் மேல பட்டு உள்ள போனா? நடுவழியில வெடிச்சா? ஃப்ரீ கிக்கை சொந்த கோலுக்கே அடிச்சா? கேட்ட மகராசன் இப்போது கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து நின்று கோல், கோல் என்று குதித்துக்கொண்டிருந்தான்.

அவள் கையைத் திருப்பினாள். விசிலை ஊதி, மூலைக்கொடியைக் காட்டினாள்.

“கண்ணைக் கடையிலேயே வெச்சுட்டு வந்துட்டியா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு வசவு மழை. துறைமுக அணித் தலைவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஆள் உயரத்துக்கு ஏற்றாற்போல் அவனுக்குக் கிரேன் என்றே பெயர்.

“அக்கா, பந்து வலைக்குள்ள கிடக்குது! இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?”

“கீப்பர் தொட்டாரா, தம்பி?”

“எங்க தொட்டான்? திரும்பிக்கூடப் பார்க்கல அந்த மடையன்!”

“வேற யாராவது?”

“யாருமே தொடல!”

“அதான். ஃப்ரீ கிக் யார் மேலயும் படாம நேரா சொந்த கோலுக்குள்ள போனா, அது கோல் கிடையாது. எதிரணிக்கு கார்னர். உங்களுக்குத்தான். போய் அடிங்க.”

தன் வாயாலேயே கெட்டது புரிந்ததும் கிரேனின் முகம் தொங்கியது. டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு மல்லுக்கு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவளுக்கு அந்த முகம் பழக்கம்தான். கூட்டத்தில் அவள் புருஷன் நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே சந்தோஷம் குப்பென்று ஏறியது. ஊரே ஒரு பக்கம் இழுத்தபோது தன் கையைத் தானே திருப்பியிருக்கிறாள். நாளைக்குக் கொடியைக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

மூலையிலிருந்து பந்து உயர எழும்பியது. வசவுகள் பாதியில் நின்றன. செயலாளர், கிரேன், கீப்பர், புருஷன், அத்தனை பேரும் அண்ணாந்து பந்தையே பார்த்தார்கள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் கோலை நோக்கி ஓடினாள்.