புகை வடிக்கும் டப்பா

என் காருக்கு இழுவை போய்விட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களைத் தினமும் ஏற்றிப் போகிறவள் நான். வழி நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒரு லாரியை முந்தலாம் என்று மிதித்தால் வண்டி முக்கும், முனகும், நகராது. பின்சீட்டிலிருந்து பாக்யலட்சுமி மேடம், "வெற்றிச்செல்வி, நாங்க எறங்கித் தள்ளட்டுமா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வயிறு எரியும். அந்த ட்ரிப்பில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

என் தம்பி அறிவரசன் அரியலூரில் டாக்ஸி ஓட்டுகிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே மாடல் கார், ஒரே வருஷம் எடுத்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பெண்களுக்கு அவன் வண்டியைத்தான் அனுப்புவேன். அவனிடம்தான் யோசனை கேட்டேன்.

"கன்வெர்ட்டர் அடைச்சிருக்கும்க்கா. மாத்திடு, பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான்.

கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் குழாயில் புகையை வடித்து அனுப்புகிற டப்பா. அதன் உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டிக்கொண்டு பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு ஆள் இல்லை.

"எனக்கு எப்.சி. வருதுடா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியக் காட்டித் தகுதி சர்டிபிகேட் வாங்கணும். புகை டெஸ்ட்ல மாட்டிக்கிட்டா வண்டி நின்னுடும். மாத்துறதா இருந்தா நல்லதாப் பாத்து மாத்தணும்."

"எனக்குத் தெரிஞ்ச எடத்துல நல்ல கண்டிஷன்ல ஒண்ணு இருக்கு. வண்டிய திருமுருகன் ஒர்க்‌ஷாப்ல வுட்டுட்டுப் போ. காசு பத்தியெல்லாம் பேசாத. நான் உனக்குச் செய்யக் கூடாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வண்டி திரும்பி வந்தது. ஏர் பில்டரில் சுண்ணாம்புத் தூசி அப்பிக் கிடந்ததாம், அதையும் மாற்றியிருந்தான் மெக்கானிக். மிதித்தால் சீறியது. சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். தம்பியிடம் சொன்னேன். "மாத்துன புதுசுல அப்படித்தான்க்கா இருக்கும்" என்றான். பாக்யலட்சுமி மேடம், "மெதுவாப் போம்மா, பயமா இருக்கு" என்று சொல்லும் அளவுக்கு ஓட்டினேன்.

எப்.சி.க்குப் போன அன்று புகை டெஸ்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த ஒருவர் குனிந்து டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா, வெறுங்கூடு" என்றார்.

முதல் போன் தம்பிக்குத்தான். "எப்.சி. போச்சுடா. அந்த திருமுருகன் என்னை ஏமாத்திட்டான்டா" என்று டெஸ்ட் நடக்கும் மைதானத்தின் நடுவில் நின்று அழுதேன்.

"அழுவாதக்கா. ட்ரிப்ப நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ."

அடுத்து திருமுருகனைப் பிடித்தேன். அவன் பதறவே இல்லை. "மாத்தச் சொன்னீங்க, மாத்திட்டேன்க்கா. மத்தத உங்க தம்பிகிட்டயே கேட்டுக்குங்க" என்று வைத்துவிட்டான். திருட்டையும் செய்துவிட்டு என் தம்பியை இழுக்கிறானே, கட்டையில போறவன் என்று திட்டினேன். தம்பியையும் கூட்டிப்போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நேரே அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

தம்பி வீட்டு வாசலில் அவன் கார் நின்றது. அவன் மனைவி ஜெயசுதா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

"வாங்கண்ணி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்க மட்டும் அந்த டப்பாவைக் குடுக்கலன்னா போன வாரம் எங்க வண்டி எப்.சி.யில நின்னிருக்கும்."

"எந்த டப்பா?"

"இவரு பிக்கப்புக்காகன்னு எங்க டப்பாவை எப்பவோ இடிச்சுப் போட்டாருல்ல. நீங்கதான், எடுத்துக்கடா தம்பின்னு உங்களுதைக் கழட்டிக் குடுத்தீங்களாமே."

அறிவரசன் அறையிலிருந்து வெளியே வந்தான். என்னைக் கண்டதும் அப்படியே நின்றான். மாற்றியது உண்மைதான். என்னுடையது அவனுக்கு, அவனுடைய வெறுங்கூடு எனக்கு. மெக்கானிக் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

"ஏன்டா?" என்றேன்.

"கேட்டா நீ குடுத்திருப்ப. அந்த நம்பிக்கையிலதான்..."

"குடுத்திருப்பேன்டா. நானே படுத்துக் கழட்டிக் குடுத்திருப்பேன். சரி, உன் எப்.சி. போன வாரமே முடிஞ்சுதே. எனக்குத் திருப்பி மாட்டியிருக்கலாமே. இன்னிக்கு எனக்கு எப்.சி.ன்னு உனக்குத் தெரியும்ல?"

அவன் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். பாக்யலட்சுமி மேடம்.

ட்ரிப்பை நான் பாத்துக்கறேன் என்று அவன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன மனசு அப்போதும் அவனை நம்பியது. எனக்கு முன்னால் எடுக்கமாட்டான், எடுத்தாலும் அக்கா ட்ரிப் அது, எனக்கு வேண்டாம் என்பான் என்று நினைத்தேன்.

"எடுத்துப் பேசுடா" என்றேன்.

ஜெயசுதா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு போனை எடுத்தான்.

"ஆமா மேடம். நாளையிலேருந்து தெனமும் நான்தான் வருவேன். அக்கா இங்கதான் இருக்காங்க. அவங்களே தம்பி நீ ஓட்டிக்கடான்னு குடுத்துட்டாங்க மேடம்."