பரங்கிக்காய் மிதக்குமா?

பெற்றோருக்கு ஒரு வகுப்பு என்று மருமகள் யூனிஸ் சொன்னபோதே ஞானசிகாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று தலைமுறையாகப் பாளையங்கோட்டையில் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த குடும்பம். அவரே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்த அவருக்கு ஒருவர் பாடம் எடுப்பதா?

போகாமல் இருக்கவும் முடியவில்லை. மகன் ஜாஸ்பர் மஸ்கட்டில் இருந்தான். யூனிஸுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. பேத்தி ரீபா வீட்டில் பைபிள் சங்கீதம் ஒப்பிப்பாள், நூறு வரை எண்ணுவாள். வெளியாள் எதிரே வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாள். ஜூனில் பள்ளிக்கூடம். ‘வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குப் பேச வராதோ?’ என்று ஆலய வாசலில் யாரோ கேட்டுவிட, யூனிஸ் அழுத அழுகையை அவர் பார்த்திருந்தார்.

வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல், ரீபாவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் நின்றார். பெரியவர்களுக்கும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளையே போட்டிருந்தார்கள்.

“பைய உக்காருங்க அண்ணாச்சி. ஒடஞ்சா நம்ம தலையில கட்டிருவாக,” என்றான் பக்கத்தில் இருந்த சொரிமுத்து. வண்ணார்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருப்பவன். ஆசிரியை கேட்டாள் என்று ஒரு பெரிய பரங்கிக்காயைச் சுமந்து வந்திருந்தான்.

ஞானசிகாமணி சிரிக்கவில்லை. முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

ஆசிரியை டெபோரா, தண்ணீர் நிறைந்த தொட்டியின் அருகே பிள்ளைகளை உட்கார வைத்து, எது மிதக்கும், எது முங்கும் என்று ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்டாள். பிள்ளைகள் கத்தினார்கள். ரீபாவின் முறைக்குப் புளியங்கொட்டை வந்தது.

ரீபா கொட்டையைப் பார்க்கவில்லை. தாத்தாவின் வாயைப் பார்த்தாள். அவர் உதடுகள் அவரை அறியாமலே குவிந்தன.

“முங்கும்,” என்றாள், காதில் விழாத குரலில்.

கொட்டையைத் தண்ணீரில் போட்டு முங்கவிட்டு, டெபோரா அவர் பக்கம் திரும்பினாள். “அய்யா, பாப்பா ஒங்க வாயப் பாத்துல்லா பதில் சொல்லுதா.”

யாரோ சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லையே. சங்கீதத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பது அவர். எண்ணிக்கையில் அவள் தயங்குமுன் அடுத்த எண்ணைச் சொல்லிவிடுவதும் அவர். நம் வீட்டுப் பிள்ளை தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அவர் இல்லாத இடத்தில் அவளுக்கு வாயும் இல்லாமல் போயிருந்தது.

டெபோரா பரங்கிக்காயைத் தட்டிக் காட்டினாள். “இப்ப நீங்க சொல்லுங்க அய்யா. இது மிதக்குமா, முங்குமா?”

அத்தனை பேரும் பார்த்தார்கள். கனத்தைப் பார்த்தால் முங்க வேண்டும். முங்குமென்றால் அதை ஏன் கேட்கிறாள்? ரீபா மறுபடியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதும்மா,” என்றார். எந்த வகுப்பறையிலும் அவர் சொல்லியிராத சொல்.

“ஏ, அண்ணாச்சிக்கே தெரியாதுன்னா நாங்கள்லாம் எங்கன போவ!” என்றான் சொரிமுத்து.

ரீபா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வாயில் ஒன்றும் இல்லை. எழுந்து போய்ப் பரங்கிக்காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.

“முங்கும்!” என்றாள் உரக்க. “டமார்னு முங்கும்!”

சொரிமுத்து தூக்கிப் போட்டான். தண்ணீர் எகிறியது. உள்ளே அமிழ்ந்த பரங்கிக்காய் மெல்ல மேலெழுந்து, ஒருமுறை புரண்டு, சாவகாசமாக மிதந்தது.

அத்தனை பேர் முன்னால் பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டாள். அழுவாள் என்று ஞானசிகாமணி கைக்குட்டையை எடுத்தார். அவளோ முகமெல்லாம் ஈரமாகச் சிரித்தாள்.

“தாத்தா, மிதக்குது! இம்புட்டுப் பெருசு மிதக்குது!” பிறகு, முன்பின் தெரியாத அந்த ஆசிரியையிடமே கேட்டாள்: “குட்டிக் கொட்ட முங்கிட்டுல்லா? இது ஏன் முங்கல?”

“நீ என்ன நெனைக்க?”

ரீபா யோசித்தாள். கூடமே காத்திருந்தது. “அதுக்குள்ள ஒரு வீடு இருக்கு. வீட்டுல யாரும் இல்ல.”

ஞானசிகாமணி பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். இதில் ஒரு சொல்லும் அவர் கொடுத்ததில்லை. இது எங்கே இருந்தது இவளுக்குள், இத்தனை நாளாக?

“அறுத்துப் பாத்திருவமா?” சொரிமுத்து பள்ளிச் சமையலறையிலிருந்து கத்தி வாங்கி வந்தான்.

பரங்கிக்காயைத் தரையில் வைத்தார்கள். ஞானசிகாமணி நாற்காலியை விட்டு இறங்கி, ஈரத் தரையில் முழங்காலிட்டார். கத்தி இறங்கியது. பேத்தியின் தலையோடு தலை முட்ட, அவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்.